சேனா படைப்புழு: “பெயரில என்ன கிடக்கு?” என்று கேட்கிறவர்களுக்கு

சிங்களத்தில் “சேனா” என்றால் படை. தமிழில் சேனை என்றாலும் படைதான். அப்படியென்றால் 2018 இன் கடைசியிலிருந்து எங்கட பத்திரிகைகளும் வானொலிகளும் எழுதி, வாசித்து வருகிற “சேனா படைப்புழு” என்ற பெயரைப் பிரித்துப் பார்த்தால் என்ன வரும்? “படைப் படைப்புழு”. சிங்களப் பெயரைப் பாதி அப்படியே தூக்கி, மிச்சப் பாதியை மொழிபெயர்த்து, இரண்டையும் ஒட்டிவிட்டிருக்கினம். ஒட்டினவருக்கு அந்த இரண்டு சொல்லும் ஒரே சொல் என்று தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அக்கறையில்லை.

இன்னும் இருக்குது. இலங்கைத் தமிழில் சேனை என்றால் காட்டை வெட்டி எரித்துச் செய்கிற சேனைப் பயிர்ச்செய்கையும்தான். சோளம் அதிகமாய் விளைகிற நிலங்களில் சேனை நிலமும் அடக்கம். ஆக “சேனா புழு” என்று முதன்முதலாய்க் கேட்கிற கமக்காரர் ஒருவர், இது சேனைக் காணிக்கு மட்டும் வருகிற புழு, எங்கட தோட்டத்துக்கு வராது என்று எடுத்துக்கொண்டால் அவரில் ஒரு பிழையும் இல்லை. பெயர் அப்படித்தான் சொல்லுது.

“சரி, புழு புழுதானே, எந்தப் பெயரில கூப்பிட்டால் என்ன, மருந்தை அடிச்சால் சாகுதுதானே” என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. அந்தக் கேள்வியை வயலில் நிற்கிறவர்கள் கேட்டால் எனக்குக் கோபம் வராது. படித்தவர்கள், உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவர்கள், விவசாய பீடத்தில் நாலு வருசம் இருந்தவர்கள் கேட்கும்போதுதான் கோபம் வருகிறது. பூச்சிகளை வகைப்படுத்துவது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு, முத்திரை சேர்க்கிறது மாதிரி என்ற எண்ணம் எங்கட படித்த கூட்டத்துக்குள் ஆழமாய் ஊறிக்கிடக்கு. அது பிழை. இந்த ஒரு அந்துப்பூச்சியை வைத்தே அது எவ்வளவு பிழை என்று காட்டலாம்.

முதலில் ஆள் யார்

விஞ்ஞானப் பெயர் ஸ்பொடொப்டெரா புருஜிபேர்டா. சொந்த இடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலமும் அதை ஒட்டிய பகுதிகளும். ஆங்கிலத்தில் “ஃபோல் ஆமிவோர்ம்”. இதில் “ஃபோல்” என்றால் விழுவது இல்லை, இலையுதிர்காலம். இந்தப் பூச்சிக்குக் குளிர் ஒத்துவராது. குளிர்காலத்தை உறங்கிக் கழிக்கிற வித்தையும் தெரியாது. வட அமெரிக்காவில் தெற்குப் புளோரிடா, தெற்கு ரெக்சாஸ் போன்ற சூடான மூலைகளில் மட்டும் குளிர்காலத்தைத் தப்பி, பிறகு ஒவ்வொரு வருசமும் தலைமுறை தலைமுறையாய் வடக்கே பறந்து போகும். வடக்குக் கமக்காரரின் கண்ணில் அது பெரிதாய்ப் படுகிற நேரம் இலையுதிர்காலம். அதனால் அந்தப் பெயர். அம்பாறையில் இலையுதிர்காலமும் இல்லை, குளிர்காலமும் இல்லை. வருசம் முழுக்கச் சூடு, வருசம் முழுக்கச் சாப்பாடு. அந்த ஆங்கிலப் பெயரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லாது என்பதை ஒத்துக்கொள்ள வேணும்.

2016 இல் மேற்கு ஆபிரிக்காவில் முதன்முதலாய் அடையாளம் காணப்பட்டது. இரண்டு வருசத்துக்குள் சகாராவுக்குத் தெற்கே கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் பரவியது. 2018 மே மாதம் இந்தியாவின் கர்நாடகாவில். அதே வருசம் இலங்கையில். 2018/19 பெரும்போகத்தில் அம்பாறை, அநுராதபுரம், மொனராகலை என்று சோளச் செய்கை இருந்த இடமெல்லாம் குருத்து கிழிந்து கிடந்தது. 2019 தொடக்கத்தில் சீனா, 2020 இல் அவுஸ்திரேலியா. ஒரு இரவில் நூறு கிலோமீற்றர் வரை பறக்கக்கூடிய பூச்சிக்கு எல்லைக் காவல் எல்லாம் ஒரு பொருட்டில்லை.

இனி அடையாளம். எங்கட ஊரில் இதே சாதியைச் சேர்ந்த சொந்தக்காரர்கள் குறைந்தது மூன்று பேர் முன்னமே இருக்கினம். புகையிலையையும் மரக்கறிகளையும் தின்கிற ஸ்பொடொப்டெரா லிற்றூரா. வெங்காயத் தாளுக்குள் புகுந்து குடைகிற ஸ்பொடொப்டெரா எக்ஸிகுவா. நெற்பயிரைக் கூட்டமாய் வந்து மேய்ந்துவிட்டுப் போகிற ஸ்பொடொப்டெரா மொரிசியா. யாழ்ப்பாணத்தில் புகையிலையும் வெங்காயமும் செய்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் முதல் இரண்டையும் தெரியும். “புழு” என்ற ஒரே பெயரில் தெரியும்.

புதிதாய் வந்தவரைப் பிரித்துக் காண்பது பெரிய வித்தை இல்லை. வளர்ந்த புழுவின் தலையைப் பாருங்கோ. முகத்தில் வெளிறிய நிறத்தில் ஒரு கவட்டை தலைகீழாய் இருக்கும், கெற்றப்போலைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி. பிறகு வால் பக்கம் பாருங்கோ. கடைசிக்கு முந்திய துண்டத்தில் நாலு கறுத்தப் புள்ளிகள் சதுரமாய் நிற்கும். கவட்டை மற்றச் சொந்தக்காரரிலும் மங்கலாய்த் தெரியலாம். அதனால் நாலு புள்ளியையும் சேர்த்துத்தான் பார்க்க வேணும். வளர்ந்த அந்துப்பூச்சி சாம்பல் மண்ணிறம், விரித்த சிறகு மூன்றரை நாலு சென்ரிமீற்றர்தான். ஆண்பூச்சியின் முன்சிறகு நுனியில் ஒரு வெள்ளைத் திட்டு. பெண்ணுக்கு அதுவும் இல்லை. வெளிச்சத்துக்கு வந்து சுவரில் ஒட்டியிருந்தால் நீங்கள் இரண்டாம் தரம் திரும்பிப் பார்க்க மாட்டீங்கள்.

இந்த அடையாளம் ஏன் முக்கியம்? இந்தப் புழு வளர வளரச் சோளத்தின் குருத்துக்குள் இறங்கிவிடும். தன்ர எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொள்ளும். அந்த நேரம் மேலால் எவ்வளவு மருந்தை அடித்தாலும் இலைதான் நனையும், புழு நனையாது. முட்டைக் கூட்டமும் சின்னப் புழுவும் இலையில் இருக்கிற ஒரு கிழமை, ஒன்றரைக் கிழமைக்குள் பிடிக்க வேணும். அதற்கு முதல் நாளே ஆளைத் தெரிந்திருக்க வேணும். வெட்டுப்புழு என்று நினைத்து மாலையில் மண்ணில் தேடிக்கொண்டிருந்தால் காணி போய்விடும். அதோடு, அமெரிக்காவில் பல தசாப்தங்களாய் மருந்துகளோடு மல்லுக்கட்டிப் பழகின பூச்சி இது. சில மருந்துகளுக்கு மசியாத குணத்தை ஏற்கெனவே வளர்த்துக்கொண்டது. “புழுவுக்கு அடிக்கிற மருந்து ஒன்று தாங்கோ” என்று கடையில் கேட்டு வாங்கி அடிக்கிறவர், புழுவை விட முதலில் கொல்வது அதன் எதிரிகளை: முட்டையைத் துளைக்கிற சின்னக் குளவிகளை, சிலந்திகளை, வண்டுகளை. காசும் போச்சு, காவலும் போச்சு.

சாதி மாறின கதை

உயர்தர உயிரியலில் நாங்கள் பாடமாக்கின வரிசை நினைவிருக்கா? இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்கள் வரிசை என்றும் பேரினம் என்றும் எழுதுகிற இடத்தில் எங்கட புத்தகங்கள் வருணம் என்றும் சாதி என்றும் எழுதுகின்றன. வெளியில் எதிர்க்கிறோம் என்று சொல்லுகிற இரண்டு சொற்கள் விஞ்ஞானப் புத்தகத்துக்குள் ஒரு கேள்வியும் இல்லாமல் குந்தியிருக்கின்றன. சொல்லை மாற்றுவது நல்லதுதான். ஆனால் என்ர முறைப்பாடு சொல்லோடு நிற்கவில்லை. அந்தச் சொல்லோடு வருகிற எண்ணம்தான் பிரச்சினை. பிறப்பிலேயே எழுதப்பட்டது, மாறாதது, கேள்வி கேட்கக்கூடாதது, பாடமாக்கிப் புள்ளி வாங்க வேண்டியது என்ற எண்ணம். விஞ்ஞான வகைப்பாடு அதற்கு நேர் எதிரானது. அது ஒரு வாதம். ஆதாரம் வந்தால் மாறும். மாறவேண்டியது.

இந்தப் பூச்சியையே எடுங்கோ. 1758 இல் லின்னேயஸ் தன்ர புத்தகத்தின் பத்தாம் பதிப்பில் உலகத்துச் செதிற்சிறகுப் பூச்சிகள் எல்லாவற்றையும் மூன்று பெட்டிக்குள் போட்டார். வண்ணாத்திப்பூச்சி எல்லாம் பப்பிலியோ. பருந்து அந்துப்பூச்சிகள் ஸ்பிங்ஸ். மிச்ச அந்துப்பூச்சி அத்தனையும் பலேனா. 1797 இல் லண்டனில் ஜேம்ஸ் எட்வேர்ட் ஸ்மித் ஒரு புத்தகம் வெளியிட்டார். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் புழுக்களை வளர்த்து, பூச்சியாகும் வரை பார்த்து, படமாய் வரைந்தவர் ஜோன் அபட். அந்தப் படங்களையும் குறிப்புகளையும் வைத்து ஸ்மித் பெயர் வைத்தார்: பலேனா புருஜிபேர்டா. விளைச்சலை அழிப்பது என்கிற பொருள்படும் லத்தீன். இன்றைக்கும் விஞ்ஞானப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பது ஸ்மித்தின் பெயர். புழுவுக்கு இலை வெட்டிப் போட்டவரின் பெயர் அதில் இல்லை.

அதற்குப் பிறகு 1852 இல் பிரான்சில் அஷில் கெனே என்ற சட்டத்தரணி, பூச்சிகளில் பித்துப் பிடித்த மனிசன், ஸ்பொடொப்டெரா, லபிக்மா, புரொடீனியா என்று மூன்று சாதிகளைத் தனித்தனியே உருவாக்கினார். எங்கட பூச்சி லபிக்மாவுக்குள் போனது. வெங்காயப் புழுவும் லபிக்மா. புகையிலைப் புழு புரொடீனியா. நெற்புழு ஸ்பொடொப்டெரா. கிட்டத்தட்ட நூறு வருசம் இப்படியே ஓடினது. பிறகு 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி, சிறகு நரம்புகளையும் இனப்பெருக்க உறுப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இது மூன்று சாதி இல்லை, ஒன்றுதான் என்று சொல்லி எல்லாவற்றையும் ஸ்பொடொப்டெராவுக்குள் சேர்த்தினம். பழைய விவசாயப் புத்தகத்தை விரித்தால் மூன்று புழுவுக்கும் மூன்று வேறு சாதிப்பெயர் இருக்கும். அதை மட்டும் படித்த ஒருவருக்கு இவை ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்றும், ஒன்றின் எதிரி மற்றதற்கும் எதிரியாய் இருக்கலாம் என்றும் தோன்றவே தோன்றாது.

பலேனா, லபிக்மா, ஸ்பொடொப்டெரா. பூச்சியின் சிறகில் ஒரு செதில்கூட மாறவில்லை. மாறினது எங்கட விளக்கம்.

இன்னுமொரு சங்கதி. “அந்துப்பூச்சி”, “வண்ணாத்திப்பூச்சி” என்ற பிரிவும் லின்னேயஸ் போட்ட அளவுக்கு நேர்த்தியானதில்லை. பரம்பரையலகுகளை வாசித்துக் கூர்ப்பு மரத்தை வரைந்தவர்கள் காட்டியது இதுதான்: வண்ணாத்திப்பூச்சி எல்லாம் அந்துப்பூச்சி மரத்தின் ஒரு கிளை. பகலில் பறக்கத் தொடங்கின ஒரு கூட்டம். விபரிக்கப்பட்ட செதிற்சிறகுப் பூச்சி இனங்கள் ஏறத்தாழ 1,60,000. அதில் வண்ணாத்திப்பூச்சி 20,000 ஐயும் எட்டாது. மிச்சமெல்லாம் நாங்கள் விளக்கை நூர்த்துத் துரத்துகிற கூட்டம். அழகாயிருக்கிற சிறுபான்மைக்குப் படப் புத்தகமும் பாட்டும். பெரும்பான்மைக்கு “சீ, பூச்சி”.

ஒரு பூச்சியா, இரண்டு பூச்சியா?

இனித்தான் வயிற்றில் புளியைக் கரைக்கிற பகுதி.

1980களில் அமெரிக்காவில் டொரொதி பஷ்லி என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்தப் பூச்சியின் நொதியங்களை ஆராய்ந்தபோது ஒரு விசயம் வெளிவந்தது. சோளத்தில் பிடித்த புழுக்களும் நெல்லிலும் புல்லிலும் பிடித்த புழுக்களும் பார்வைக்கு ஒன்று, உள்ளுக்குள் வேறு. ஒன்றைச் சோள வம்சம் என்றும் மற்றதை நெல் வம்சம் என்றும் பிரித்தினம். சோள வம்சம் சோளம், இறுங்கு, பருத்தி என்று போகும். நெல் வம்சம் நெல்லையும் மேய்ச்சற் புல்லையும் நாடும். ஒன்று இரவின் முற்பகுதியில் சோடி சேரும், மற்றது பின்னிரவில். பெண்பூச்சி விடுகிற வாசனைக் கலவையிலும் வித்தியாசம். கண்ணால் பார்த்து, உருப்பெருக்கியால் பார்த்து, எதாலும் பிரிக்க ஏலாது. பரம்பரையலகைத்தான் கேட்க வேணும்.

இது இரண்டு இனமா, ஒரே இனத்தின் இரண்டு வம்சமா? முப்பது நாற்பது வருசமாய் வாதம் நடக்குது. வித்தியாசம் இவ்வளவு இருந்தால் இரண்டு இனம் என்றே எழுத வேணும் என்று ஒரு பக்கம். இயற்கையில் கலப்பு நடக்குது, கலப்புப் பிள்ளைகளும் பெருகுது, எப்படி இரண்டு இனம் என்பீங்கள் என்று மறுபக்கம்.

“இதெல்லாம் ஆய்வுகூடத்துச் சண்டை” என்று சொல்லப் போறீங்களா? ஒரு நிமிசம். இலங்கையில் எங்கட சாப்பாட்டுக் கோப்பையில் இருப்பது என்ன? சோளம் பெரும்பாலும் கோழித் தீனுக்குப் போகிறது. நெல்லு எங்களுக்கு. வந்திருப்பது சோள வம்சம் என்றால் அது சோளம் செய்கிறவர்களின் துன்பம், கோழி வளர்க்கிறவர்களின் செலவு. நெல் வம்சமும் சேர்ந்து வந்திருந்தால் அது ஒரு போகத்தின் கதை, நாட்டின் அரிசிப் பானையின் கதை. அந்தச் சண்டையின் முடிவு கிளிநொச்சி வயலுக்கும் மட்டக்களப்பு வயலுக்கும் நேரடியாய்த் தேவையான முடிவு.

ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பிடித்த பூச்சிகளைச் சோதித்தபோது வந்த விடை ஆளைக் குழப்பியது. இழைமணியின் பரம்பரையலகைப் பார்த்தால், அதாவது தாய்வழியைக் கேட்டால், பெரும்பாலானவை நெல் வம்சம். பால் நிறமூர்த்தத்தில் இருக்கிற ஒரு அடையாளத்தைப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே சோள வம்சம். வயலில் பார்த்தால் தின்பது பெரும்பாலும் சோளம். ஆக இங்கே வந்திருப்பது இரண்டின் கலப்பில் உருவான கூட்டம், சாப்பாட்டுப் பழக்கத்தில் சோளப் பக்கம் சாய்ந்தது என்பதுதான் இப்போது வலுவாய் நிற்கிற விளக்கம். தாய்வழி அடையாளத்தை மட்டும் பார்த்துவிட்டு “நெல்லுக்கு ஆபத்து” என்று பத்திரிகையில் போட்டால் பீதி. மற்றதை மட்டும் பார்த்துவிட்டு “நெல்லுக்கு ஒன்றும் வராது” என்று கையைக் கழுவினால் அசட்டை. இரண்டுக்கும் நடுவில் நிற்கத் தெரிந்தவர்கள்தான் தேவை, அவர்களைத்தான் நாங்கள் உருவாக்கவில்லை. நாளைக்கு அமெரிக்காவிலிருந்து உண்மையான நெல் வம்சம் ஒரு கப்பலில் வந்து இறங்கினால், பார்வைக்கு ஏற்கெனவே இருக்கிற பூச்சிதான் அது. “சேனா வந்து கன காலம்தானே” என்று எல்லாரும் சும்மா இருப்பினம். இந்த ஊர் நெற்புழு மொரிசியா வயலை மேய்ந்தாலும் “சேனா நெல்லுக்கு வந்திட்டுது” என்று கத்துவினம். ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடினால் இரண்டு பக்கமும் ஏமாறலாம்.

வரப்போற மறுப்புகள்

“இது பணக்கார நாட்டு விஞ்ஞானம், எங்களுக்குத் தேவையில்லாத ஆடம்பரம்” என்று ஒரு மறுப்பு வரும். தென்னையைக் கேளுங்கோ. மட்டக்களப்பிலிருந்து கேரளா வரைக்கும் தென்னோலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று ஓலையைக் கருக்குகிற கருந்தலைப்புழு எங்கட கரையோரத்து ஆட்களுக்கு அந்நியமில்லை. பனையையும் விடாது. அந்த அந்துப்பூச்சிக்கு 1864 இல் பிரித்தானிய அரும்பொருளகத்தில் இருந்த பிரான்சிஸ் வோக்கர் ஒபிசினா அரெனோசெல்லா என்று பெயர் வைத்தார். அது தெரியாமல், அதே பூச்சிக்கு 1905 இல் எட்வேர்ட் மெய்ரிக் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் நெபான்டிஸ் செரினோப்பா என்று இன்னொரு பெயர் வைத்தார். இரண்டும் ஒன்றுதான் என்று 1980களில் வெளிச்சத்துக்கு வரும் வரை, தென்னை ஆய்வுகள் பெரும்பாலும் மெய்ரிக் வைத்த பெயரிலேயே எழுதப்பட்டன. அந்தப் புழுவைக் கொல்கிற ஒரு சின்னக் குளவிக்கு வைத்த பெயர் கொனியோசஸ் நெபான்டிடிஸ். அதை இன்றைக்கும் வளர்த்துத் தோப்புகளில் விடுகினம். புழுவின் பழைய பெயர் செத்துப்போய், குளவியின் பெயருக்குள் மட்டும் உயிரோடு இருக்குது. இன்று “ஒபிசினா” என்று மட்டும் தேடுகிற ஒரு மாணவிக்கு 1905 இலிருந்து எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி கண்ணில் படாது. ஓலை கருகுகிற தோப்புக்கு விடுகிற குளவி பற்றின பழைய குறிப்பும் அந்தப் பெயருக்குக் கீழேதான் கிடக்குது. பெயர் அறிவை வைத்திருக்கிற அலுமாரியின் திறப்பு. திறப்பைத் தொலைத்தால் அலுமாரி நிறைய இருந்தும் பிரயோசனமில்லை.

இரண்டாவது மறுப்பு எங்கட பக்கத்து ஆட்களிடமிருந்தே வரும். “லத்தீன் பெயர் காலனித்துவம். வெள்ளைக்காரன் வைத்த பெயரை ஏன் சுமக்க வேணும்?” இதில் பாதி உண்மை இருக்குது, நான் மறுக்கவில்லை. இலங்கையின் செதிற்சிறகுப் பூச்சிகளைப் பற்றி 1880க்கும் 1887க்கும் இடையில் மூன்று தொகுதியாய் வந்த பெரும் நூலின் அட்டையில் இருப்பது பிரெடெரிக் மூரின் பெயர். அதன் வண்ணப்படங்களுக்கு மூலமாய் இருந்தவற்றைப் பேராதனையில் உட்கார்ந்து வரைந்தவர்கள் டி அல்விஸ் குடும்பத்துச் சிங்கள ஓவியர்கள். பூச்சியை வலையில் பிடித்துக் கொடுத்தவர்கள் யார் என்று ஒரு பட்டியலும் இல்லை. அபட்டுக்கு நடந்தது இங்கேயும் நடந்தது. அந்தக் கணக்கு தீர்க்கப்பட வேண்டியதுதான்.

ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்கிற வழி அந்தப் பெயரைத் தூக்கி எறிவது இல்லை. நைஜீரியாவில் ஒரு ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்த விசயம், கர்நாடகாவில் ஒருவர் எழுதின விசயம், பிரேசிலில் ஒரு கமக்காரரின் காணியில் செய்து பார்த்த விசயம் எல்லாம் எங்கட கைக்கு வருவது அந்த ஒரே பெயரால்தான். அதை எறிந்துவிட்டு நாங்கள் வைத்திருக்கிற மாற்று என்ன? “படைப் படைப்புழு”. காலனித்துவத்தை எதிர்க்கிற பெயராய் அது எனக்குத் தெரியவில்லை. கொழும்பில் சிங்களத்தில் எழுதினதை அவசரத்தில் தமிழாக்கி, யாரும் வாசித்துப் பார்க்காமல் அனுப்பின பெயராய்த்தான் தெரியுது. தமிழ் மூலம் வாழுகிற கமக்காரருக்கு இந்த நாட்டில் கிடைக்கிற மரியாதையின் அளவு அந்த ஒரு சொல்லில் இருக்குது. அதை நாங்களும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால் பிழை அவையளில் மட்டும் இல்லை.

மூன்றாவது ஆள் சுத்தத் தமிழ்க்காரர். அழகான கலைச்சொல் ஒன்றை உருவாக்கி, முகநூலில் போட்டு, விருப்பக்குறி வாங்கினதோடு வேலை முடிந்தது என்று போகிறவர். ஐயா, பெயர் என்பது அடையாளத்தோடு சேர்ந்து வயலுக்குப் போக வேணும். போகாத பெயர் அகராதிக்குப் பாரம்.

அப்ப என்ன செய்யலாம்?

பீடை பற்றித் தமிழில் வருகிற ஒவ்வொரு துண்டுப்பிரசுரத்திலும் நாலு விசயம் இருக்க வேணும் என்று கேளுங்கோ: தமிழ் எழுத்தில் விஞ்ஞானப் பெயர், எல்லா இடத்திலும் ஒரே மாதிரியான தமிழ்ப் பெயர், தெளிவான படம், அதோடு குழப்பக்கூடிய மற்றப் புழுக்களின் படம். கடைசியாய்ச் சொன்னதுதான் மிக முக்கியம். இதுதான் அது என்று காட்டினால் மட்டும் காணாது, இது அது இல்லை என்றும் காட்ட வேணும்.

தமிழ்ப் பெயருக்கு என்ர பங்குக்கு ஒன்று சொல்லுறன்: கவட்டைத்தலைப் படைப்புழு. சோளப் படைப்புழு என்று வைக்கலாமே என்பீங்கள். அது முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாவரங்களில் பதிவான பூச்சி. சோளம் என்று பெயரில் போட்டுவிட்டால் வேறு பயிரில் வரும்போது ஆள் தப்பிவிடும். அமெரிக்கப் படைப்புழு என்பது வந்த ஊரைச் சொல்லும், ஆளைக் காட்டாது. கவட்டைத்தலை என்றால் கேட்கிறவர் முதலில் தலையைத்தான் திருப்பிப் பார்ப்பார். இதைவிட நல்ல பெயர் உங்கட ஊரில் ஏற்கெனவே புழங்கினால் அதைக் கொண்டு வாங்கோ, என்ரதைக் குப்பையில் போடலாம்.

அறிவியல் நகரிலும் வந்தாறுமூலையிலும் விவசாயம் படிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கட ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கட்டும், அது விதி. அதிலிருந்து இரண்டு பக்கம் தமிழில் எழுதித் தாங்கோ. எந்தப் புழு, எந்தப் பயிர், எந்த மாதம், எது வேலை செய்தது, எது செய்யவில்லை. உங்களுக்குக் காணியைத் திறந்துவிட்ட கமக்காரர் அதை வாசிக்க உரிமையுள்ளவர். ஜோன் அபட்டுக்குச் செய்ததை நீங்கள் அவருக்குச் செய்யாதேங்கோ.

மிச்சப் பேருக்கு: அடுத்த பெரும்போகத்தில் நெல்லில் புழு விழுந்திருக்கு என்று ஆராவது சொன்னால், “சேனாதான்” என்று நீங்களும் சேர்ந்து சொல்லாதேங்கோ. கைபேசியை எடுத்து மூன்று படம் பிடியுங்கோ: தலை, வால் பக்கத்துப் புள்ளி, தின்ற பயிர். இடத்தையும் திகதியையும் எழுதி, விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்புங்கோ. நாலு புள்ளியும் சதுரமாய் இருந்து, கவட்டையும் தெளிவாய் இருந்து, தின்றது நெல்லாய் இருந்தால், அந்தப் படம் யாரோ ஒரு ஆய்வாளர் வருசக்கணக்காய்த் தேடிக்கொண்டிருக்கிற தகவல். அந்தப் புழுவில் இரண்டைச் சின்னப் போத்தலில் போட்டு, மருந்துக்கடை ஸ்பிரிற் ஊற்றி மூடி, பெயரில்லாமல் எறியாமல் வையுங்கோ. ஒரு நாள் அதன் தாய்வழியையும் தந்தைவழியையும் கேட்க ஒரு ஆள் வரும்.